பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழியும் போலிஷ் மொழியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த இரு மொழிகளையும் அவற்றின் இலக்கியத்தையும் பட்டப்படிப்பாகப் படிக்க நினைப்பவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள், பாடம் நடத்துபவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இவை. அந்த மொழிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருப்பது ஒலியைக் கிட்டத்தட்டக் காட்டுவதற்குத்தான். உங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதாதீர்கள். காரணம் எழுத்து பற்றிய கேள்வியில் வருகிறது.

இரண்டையும் ஒரே சமயத்தில் தொடங்கலாமா?

வேண்டாம். ஒன்றைத் தொடங்கி ஒரு முழுக் கல்வியாண்டு போன பிறகு மற்றதைத் தொடுங்கள். இரண்டும் ஸ்லாவிய மொழிகள். ரஷ்யன் கிழக்குக் கிளை, போலிஷ் மேற்குக் கிளை. முதல் மொழி நிலைத்துவிட்டால் இரண்டாவது பாதி வழியிலிருந்து தொடங்குவது போல இருக்கும். இரண்டுமே அரைகுறையாக இருக்கும்போது சேர்த்தால் விகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஒரு சின்ன வாக்கியத்தைப் பாருங்கள். ‘அவன் மாணவன்’ என்பதை ரஷ்ய மொழியில் தமிழ் போலவே ‘இருக்கிறான்’ சேர்க்காமல் ‘ஓன் ஸ்துத்யேன்த்’ என்று முடித்துவிடலாம். போலிஷில் ‘ஒன் யெஸ்த் ஸ்துடென்தெம்’ என்று சொல்ல வேண்டும்: ‘யெஸ்த்’ என்ற வினை கட்டாயம், பெயரும் கருவி வேற்றுமைக்கு மாற வேண்டும். ரஷ்ய மொழி படித்துவிட்டு வரும் மாணவர்கள் முதல் மாதத்தில் இந்த இரண்டையும் விட்டுவிடுவார்கள்.

எது முதலில் என்றால், எந்த இலக்கியத்துக்காக வருகிறீர்களோ அதன் மொழிதான். எது சுலபம் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் சோர்ந்துபோவார்கள். அப்போது இழுத்துப் பிடிப்பது படிக்க வேண்டும் என்று நினைத்த புத்தகம் மட்டுமே.

ஒன்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியுமா?

எழுத்தில் ஓரளவு, பேச்சில் குறைவு. சில ஒலி மாற்றங்களைப் பிடித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் திறந்துகொள்ளும். ரஷ்ய மொழியில் ‘ஒலோ, ஒரோ’ என்று இரண்டு உயிர் வரும் இடத்தில் போலிஷில் ஒன்றுதான் வரும்: தலை ரஷ்ய மொழியில் ‘கலவா’ (எழுத்தில் ‘கொலொவா’), போலிஷில் ‘க்வோவா’. தங்கம் ‘ஸோலதா’, ‘ஸ்வோதோ’. ரஷ்ய மொழியின் மென்மையான ‘ர்’ போலிஷில் ‘ஷ்’ போன்ற அதிரும் ஒலியாகிவிட்டது. அதனால்தான் ஆறு ‘ரிகா’ என்றும் ‘ஜெகா’ என்றும், கடல் ‘மோர்யெ’ என்றும் ‘மோஜெ’ என்றும் வருகிறது.

ஆபத்து, ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்களில் இருக்கிறது. ‘ஸபோம்னித்’ ரஷ்ய மொழியில் நினைவில் வைப்பது. போலிஷில் ‘ஸபோம்னியெச்’ மறப்பது. ‘ஸ்க்லெப்’ போலிஷில் கடை, ரஷ்ய மொழியில் பிணம் வைக்கும் நிலவறை. ‘டிவான்’ போலிஷில் தரைவிரிப்பு, ரஷ்ய மொழியில் சோஃபா. ‘ஓவொத்ஸ்’ பழம், ‘ஓவஷ்’ காய்கறி. இரண்டாவது மொழி தொடங்கிய நாளிலிருந்தே இதற்கென ஒரு தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளில் சரளமாகும்?

வெளிநாட்டு அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் அமெரிக்க அரசு நிறுவனம் ரஷ்யனையும் போலிஷையும் ஒரே கடின வகையில் வைத்திருக்கிறது: ஆங்கிலம் பேசுபவர் அலுவல் தரத்துக்கு வர 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி. ஒரு பட்டப்படிப்பை அதோடு ஒப்பிடுங்கள். வாரம் 6 மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்றால் 180 மணி, மூன்று ஆண்டில் 540. அதில் பாதிகூட இல்லை. மீதியை நீங்களேதான் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் உட்காருவதைவிட தினம் 45 நிமிடம் நிற்கும். வேற்றுமை விகுதிகள் இரண்டு நாள் இடைவெளியிலேயே நழுவிவிடும்.

ரஷ்ய எழுத்தைக் கற்க எவ்வளவு காலம்? தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் என்ன?

அச்செழுத்து 33-ஐயும் ஒரு வாரத்தில் படித்துவிடலாம். உண்மையான வேலை கையெழுத்தில் இருக்கிறது. ஆசிரியர்கள் பலகையில் கூட்டெழுத்தில்தான் எழுதுவார்கள். அதில் ‘த’ ஒலிக்கான எழுத்து ஆங்கில எம் போலவும், ‘ப’ எழுத்து ஆங்கில என் போலவும், ‘இ’ எழுத்து ஆங்கில யு போலவும் தெரியும். முதல் இரண்டு வாரம் தினம் ஒரு பக்கம் கையால் எழுதினால் இந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தட்டச்சு மட்டும் பழகியவர்கள் முதல் தேர்வில் கேள்வித்தாளையே வாசிக்க முடியாமல் திணறுவார்கள்.

போலிஷ் லத்தீன் எழுத்துதான், 32 எழுத்து, அதில் 9 குறியிட்டவை. கணினியில் ‘போலிஷ் புரோகிராமர்’ விசைப்பலகையைப் போட்டுக்கொள்ளுங்கள். வலது ஆல்ட் விசையோடு அடிப்படை எழுத்தை அழுத்தினால் குறியிட்ட எழுத்து வரும். இசட் எழுத்துக்கு மட்டும் இரண்டு குறி: புள்ளி வேண்டுமென்றால் இசட் விசை, கோடு வேண்டுமென்றால் எக்ஸ் விசை. குறியை விட்டு எழுதினால் வேறு சொல்லாகிவிடும். அது எழுத்துப்பிழையாகவே கணக்கில் வரும்.

தமிழ் எழுத்து ஏன் கூடாது என்றால், நம் எழுத்தில் ப, த, க ஆகியவற்றின் அதிரும் ஒலிக்குத் தனி வடிவம் இல்லை. ரஷ்ய மொழியில் ‘புள்ளி’யும் ‘மகள்’ என்ற செல்லச்சொல்லும் தமிழில் எழுதினால் ‘தோச்கா’தான். ‘சிறுநீரக’மும் ‘பீப்பா’யும் ‘போச்கா’தான். நான்கு சொல் இரண்டாகச் சுருங்கிப்போகிறது. குறிப்பேட்டில் சுருங்கியது வாயிலும் சுருங்கிவிடும்.

தமிழ் பேசுபவருக்கு உச்சரிப்பில் எது கைகொடுக்கும், எது காலை வாரும்?

கைகொடுப்பது நிறைய இருக்கிறது, அதை ஆசிரியர்கள் பயன்படுத்துவதே இல்லை. ரஷ்ய மொழியில் எல்லோரையும் படுத்தும் ஓர் உயிர் உண்டு: நாக்கைப் பின்னே இழுத்து, உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டிய ‘இ’. ‘பாட்டு’, ‘காற்று’ என்று இயல்பாகச் சொல்லும்போது கடைசியில் வரும் குற்றியலுகரத்தைக் கவனியுங்கள், உதடு குவியாது. அந்த ஒலியை நிறுத்திக் கொஞ்சம் நீட்டினால் வேண்டியதற்கு மிக அருகில் வந்துவிடுவீர்கள்.

போலிஷின் மூக்கொலி உயிர்களும் அப்படித்தான். ‘கை’ என்பதற்கான சொல்லில் எழுத்தில் ஒரு வால் போட்ட ‘எ’தான் இருக்கும், வாயில் ‘ரெங்கா’ என்று வரும். ‘பல்’ என்பது ‘ஸொம்ப்’. அடுத்து வரும் வல்லினத்துக்கு ஏற்ற மெல்லினம் முளைக்கிறது. இன எழுத்து படித்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

காலை வாருவது முதலில் மெய்க்கூட்டம். சொல்லின் தொடக்கத்தில் நான்கு மெய் சேர்ந்தால் நம் வாய் இடையில் ஓர் ‘இ’யையோ ‘உ’வையோ செருகிவிடும். பின்னாலிருந்து கட்டுங்கள்: ‘பார்வை’ என்ற ரஷ்யச் சொல்லுக்கு ‘லியாத்’, ‘க்லியாத்’, ‘ஸ்க்லியாத்’, ‘வ்ஸ்க்லியாத்’. ஒவ்வொரு படியையும் பத்து முறை சொன்ன பிறகே அடுத்த படி.

அடுத்தது ‘வ’. போலிஷில் பல் உதட்டைத் தொடும் ‘வ’ வேறு, உதடுகள் குவியும் ‘வ’ வேறு. நம் ‘வ’ நடுவில் நிற்பதால் ‘பஞ்சு’ம் ‘ஒட்டுத்துணி’யும் ஒன்றாகக் கேட்கும். ‘ஷ’வும் இரண்டு வகை. ஒன்றுக்கு நாக்கு நுனி மேலே வளையும்; மற்றதற்கு நுனி கீழ்ப்பல்லின் பின்னே இருக்க, நடு நாக்கு உயரும். ‘ச்’ ஒலிக்கும் இதே ஜோடி உண்டு. ‘பச்சை’யில் வரும் ‘ச்ச’ மென்மையான வகைக்கு ஓரளவு அருகில் இருக்கிறது.

அழுத்தம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலிஷில் அது கடைசிக்கு முந்தைய அசையில் விழும். ‘மதெமாதிகா’ போன்ற சில கடன்சொற்களும் சில வினைவடிவங்களும்தான் விலக்கு. ரஷ்ய மொழியில் எங்கும் விழும், அதே சொல்லின் வேறு வடிவத்தில் இடம் மாறவும் செய்யும், அச்சில் குறிக்கப்படாது. ‘ப்லாச்சு’ என்று முதல் அசையை அழுத்தினால் ‘அழுகிறேன்’, ‘ப்லச்சூ’ என்று இரண்டாவதை அழுத்தினால் ‘பணம் கட்டுகிறேன்’. அழுத்தம் விழாத ‘ஓ’ ‘அ’வாகத் தேயும்: எழுத்தில் ‘மோலோகோ’, வாயில் ‘மலகோ’ (பால்). புதுச் சொல்லை எழுதும்போதே அழுத்தக் குறியையும் போட்டுவிடுங்கள். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் சேர்த்ததில்லை.

வேற்றுமைகளைக் கண்டு பயப்பட வேண்டுமா?

தமிழருக்கு வேற்றுமை புதிதல்ல. ரஷ்ய மொழியில் 6, போலிஷில் விளியோடு 7. கருத்து பழகியது, விகுதிதான் பால், எண், மெய்யின் மென்மை ஆகியவற்றுக்கேற்ப மாறும். ‘எனக்குக் குளிர்கிறது’ என்று நான்காம் வேற்றுமையில் தொடங்குவது இரு மொழிகளிலும் உண்டு. ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்ற அமைப்பு ரஷ்ய மொழியில் அப்படியே வரும். போலிஷ் ‘வைத்திருக்கிறேன்’ என்று வினையால் சொல்லும். ‘புத்தகம் படித்தேன்’ என்பதில் ஐ உருபு தொக்கி நிற்கலாம், ‘பையனைப் பார்த்தேன்’ என்பதில் அதை விட முடியாது. இந்த உணர்வு ஸ்லாவிய ஆண்பால் பெயர்களில் உதவும்: உயிருள்ளதன் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமை வடிவத்தை எடுக்கும், உயிரற்றது எழுவாய் வடிவத்திலேயே நிற்கும்.

போலிஷ் பன்மையில் ஆண் மனிதர்களுக்கு ஒரு வகை, மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொரு வகை. உயர்திணை போலத் தோன்றும். ஆனால் பெண்கள் மட்டும் உள்ள கூட்டம் இரண்டாம் வகையில் சேரும், ஓர் ஆண் வந்தாலே முதல் வகைக்கு மாறும். பெயரடையும் இறந்தகால வினையும் கூடவே மாறும். தேர்வில் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான்.

போலிஷில் எதிர்மறை வந்தால் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்குக் கட்டாயம் மாற வேண்டும் என்பதையும் முதல் பருவத்திலேயே பழக்கிவிடுங்கள். ரஷ்ய மொழியில் அது பெரும்பாலும் சூழலைப் பொறுத்த தேர்வு.

எண்கள்?

ரஷ்ய மொழியில் 2, 3, 4-க்குப் பின் ஆறாம் வேற்றுமை ஒருமை, 5-லிருந்து ஆறாம் வேற்றுமைப் பன்மை, 21-க்குப் பின் மறுபடி எழுவாய் ஒருமை. போலிஷில் 2, 3, 4-க்குப் பின் சாதாரணப் பன்மை. 5-க்கும் 21-க்கும் ஆறாம் வேற்றுமைப் பன்மை. போலிஷில் ‘ஐந்து புத்தகங்கள்’ எழுவாயானால் வினை ஒன்றன்பால் ஒருமையில் நிற்கும். ‘ஐந்து புத்தகம் கிடந்தது’ என்று நாம் பேசுவது போலவே. போலிஷ் ‘இரண்டு’க்கு மட்டும் கூட்டெண் வடிவங்களையும் சேர்த்தால் பத்துக்கு மேல் உருவங்கள். பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். விலை, வயது, மணி ஆகிய மூன்று சூழலில் தினம் சொல்லிப் பழகுங்கள்.

வினையின் ஆஸ்பெக்ட் புரியவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பிடிப்பது?

ஏறக்குறைய ஒவ்வொரு வினையும் ஜோடியாக இருக்கும்: செயலை ஒரு முழுமையாகக் காட்டுவது ஒன்று (இங்கே ‘முற்று வினை’ என்போம்), நிகழ்வாகவோ பழக்கமாகவோ காட்டுவது மற்றது (‘முற்றாத வினை’). தமிழில் ‘படித்தேன்’, ‘படித்துவிட்டேன்’ என்று நமக்கு ஒரு நல்ல நுழைவாயில் இருக்கிறது. முற்று வினைக்கு நிகழ்காலம் கிடையாது. நிகழ்கால விகுதி போட்டால் ‘படித்துவிடுவேன்’ என்ற எதிர்காலம்தான் கிடைக்கும். ரஷ்ய மொழியில் எச்சரிக்கையாகச் சொல்லும் ‘விழுந்துவிடாதே’க்கு முற்று வினை, ‘சன்னலைத் திறக்காதே’ என்ற தடைக்கு முற்றாத வினை.

வித்தியாசம், தமிழில் ‘விடு’ விருப்பம், அங்கே தேர்வு கட்டாயம். ‘செயல் முடிந்தது, ஆகவே முற்று வினை’ என்ற விதியை எடுத்துக்கொள்பவர்கள் தடுமாறுவதும் இதனால்தான். ஓர் அறைக்குள் நுழைகிறீர்கள். சன்னல் திறந்து கிடக்கிறது; ‘க்தோ அத்க்ரீல் அக்னோ?’ என்று முற்று வினையில் கேட்பீர்கள். சன்னல் மூடியிருக்கிறது, ஆனால் அறை குளிர்ந்திருக்கிறது. இடையில் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். அப்போது ‘க்தோ அத்க்ரிவால் அக்னோ?’ என்று முற்றாத வினை வரும். இரண்டிலும் திறந்தது முடிந்துபோன செயல்தான். விளைவு இப்போது கண்முன் இருக்கிறதா என்பதே கேள்வி. ‘இந்த நாவலைப் படித்திருக்கிறீர்களா?’ என்று அனுபவத்தைக் கேட்கும்போதும் இரு மொழிகளிலும் முற்றாத வினைதான்.

வினையைத் தனியாகக் குறிக்காதீர்கள். ஜோடியாக, ஆளுக்கு ஒரு வாக்கியத்தோடு குறியுங்கள். ஆசிரியர்களுக்கு: ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ பயிற்சியில் இரண்டு விடையும் பொருந்தும் வாக்கியங்களை வேண்டுமென்றே கொடுத்து, பொருள் எப்படி மாறுகிறது என்று கேளுங்கள். ஒரே விடையுள்ள பயிற்சியில் மாணவர் வாக்கியத்தை வாசிக்காமல் ‘அடிக்கடி’, ‘திடீரென்று’ போன்ற சொல்லைத் தேடி விடை போடக் கற்றுக்கொள்கிறார்.

மூலத்தில் இலக்கியம் எப்போது தொடங்கலாம்?

கவிதை முதல் ஆண்டிலேயே, உரைநடை இரண்டாம் ஆண்டின் பின்பாதியில். எட்டு வரிக் கவிதையை மனப்பாடம் செய்தால் அழுத்தமும் விகுதியும் சேர்ந்தே தங்கும். 1996-இல் நோபல் பெற்ற ஷிம்போர்ஸ்காவின் பல கவிதைகள் சாதாரணப் பேச்சு வாக்கியங்களால் ஆனவை, போலிஷ் தொடக்கத்துக்கு ஏற்றவை. ரஷ்ய உரைநடைக்கு செகாவின் ஆரம்பகாலச் சிறுகதைகள் நல்ல இடம். இரண்டு மூன்று பக்கத்தில் முடியும்.

ஒரு பக்கத்தில் நூறு சொல்லுக்கு ஐந்துக்கு மேல் தெரியாவிட்டால் அந்த நூல் இப்போதைக்கு வேண்டாம், அல்லது சொற்பொருள் குறிப்புள்ள பதிப்பை எடுங்கள். அகராதி இல்லாமல் ஒரு முறை முழுதாக, வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு ஒரு முறை, அகராதியோடு ஒரு முறை, கடைசியில் சத்தமாக ஒரு முறை வாசியுங்கள். எல்லோரும் விடுவது நான்காவதை. கதைசொல்லி எங்கே முற்றாத வினையிலிருந்து முற்று வினைக்குத் தாவுகிறார் என்பது காதில் விழுந்தால்தான் கதையின் நடை புரியும். இலக்கணம் ஒரு தாள், இலக்கியம் இன்னொரு தாள் என்று பிரித்து நடத்துவது இதைத்தான் கெடுக்கிறது.

இரண்டு இலக்கியங்களையும் சேர்த்து நடத்த நல்ல பாடம் ஏதாவது?

ரஷ்யக் கவிஞர் புஷ்கினும் போலிஷ் கவிஞர் மித்ஸ்கியேவிச்சும். ஒருவர் பிறந்தது 1799, மற்றவர் 1798. மித்ஸ்கியேவிச் 1824-இல் ரஷ்யாவுக்குள் நாடுகடத்தப்பட்டவர். 1826-இல் மாஸ்கோவில் இருவரும் சந்தித்தார்கள், அவருடைய கிரிமியா சானெட்டுகளும் அதே ஆண்டு அங்கேயே அச்சாயின. 1830–31 போலந்து எழுச்சியை ஜார் அரசு நசுக்கியபோது, புஷ்கின் 1831-இல் அரசின் பக்கம் நின்று கவிதை எழுதினார். மித்ஸ்கியேவிச் ‘ஜியாதி’ என்ற தன் கவிதை நாடகத்தின் மூன்றாம் பகுதியோடு சேர்த்த நெடுங்கவிதையில் பீட்டர்ஸ்பர்க்கையும் பீட்டர் மன்னனின் குதிரைச் சிலையையும் கொடுங்கோன்மையின் உருவமாக்கினார். அதைப் படித்த புஷ்கின் 1833-இல் அதே சிலையை மையமாக வைத்து ‘வெண்கலக் குதிரைவீர’னை எழுதினார். நான்கு வாரம் ஒதுக்குங்கள். ஒரே சிலை, இரண்டு கவிதை, இரண்டு மொழி. ஒன்றை மட்டும் நடத்தினால் மாணவருக்குப் பாதி உரையாடல்தான் கேட்கும்.

யாப்பு தெரியாமல் கவிதை படிக்கலாமா?

படிக்கலாம், ஆனால் பாதி போய்விடும். ரஷ்யச் செய்யுளில் அழுத்தம் முறையாக மாறி மாறி வரும். புஷ்கினின் ‘எவ்கேனி அனேகின்’ நான்கு சீர் வரிகளில், 14 வரிப் பத்திகளில் நடக்கிறது. போலிஷில் அழுத்தம் ஒரே இடத்தில் விழுவதால் அசையை எண்ணும் மரபு வேரூன்றியது. 1834-இல் பாரிஸில் வெளியான மித்ஸ்கியேவிச்சின் ‘பான் ததேவுஷ்’ வரிக்கு 13 அசை, ஏழாவதன் பின் நிறுத்தம். முதல் வரியைத் தட்டிப் பாருங்கள்: ‘லி-த்வோ, ஒய்-ச்சிஸ்-னோ மோ-யா’ ஏழு, ‘தி யெஸ்-தெஷ் யாக் ஸ்த்ரோ-வியெ’ ஆறு. ‘லித்துவேனியாவே, என் தாய்நாடே, நீ உடல்நலம் போன்றவள்’ என்று விளி வேற்றுமையில் தொடங்குகிறது. போலந்தின் தேசியக் காவியம் லித்துவேனியாவை ஏன் அழைக்கிறது என்று யாராவது கேட்பார்கள். அண்டை அரசுகள் நாட்டைப் பங்குபோட்ட 1772, 1793, 1795 ஆகிய மூன்று பிரிவினைகளையும் அதற்கு முன்பிருந்த போலந்து-லித்துவேனியக் கூட்டரசையும் முந்தைய வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

மொழிபெயர்ப்பில் படித்தால் குற்றமா?

இல்லை. ‘போரும் அமைதியும்’ போன்ற நாவலை ஒரு பருவத்தில் மூலத்தில் முடிக்க முடியாது. முழுநூல் மொழிபெயர்ப்பில், தேர்ந்த 15 பக்கம் மூலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பு என்றால் நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று பாருங்கள். ரஷ்ய மொழியில் பாத்திரங்கள் ‘நீ’யிலிருந்து ‘நீங்க’ளுக்கு மாறும் தருணம் பெரிய விஷயம். தமிழால் அதை அப்படியே காட்ட முடியும், ஆங்கிலத்தால் முடியாது. ஆங்கிலம் வழி வந்த நூலில் அது மொழிபெயர்ப்பாளரின் ஊகமாகத்தான் இருக்கும்.

ஆசிரியரை எப்படி அழைப்பது?

ரஷ்ய மொழியில் பெயரும் தந்தைவழிப் பெயரும் சேர்த்து: ‘அன்னா பித்ரோவ்னா’. வெறும் பெயரோ, ‘ப்ரஃபேஸர்’ என்ற விளியோ பொருந்தாது. போலிஷில் பட்டத்தோடு, ஆணென்றால் ‘பானியெ ப்ரொஃபெசோஜெ’, பெண்ணென்றால் ‘பானி ப்ரொஃபெசோர்’. வினை படர்க்கையில் வர வேண்டும், ‘ஐயாவுக்குத் தெரியுமா?’ என்பது போல. முன்னிலை ஒருமை வினையில் மின்னஞ்சல் எழுதிவிட்டால் மன்னிப்பார்கள், மறக்க மாட்டார்கள்.

திருத்துவதில் என்ன முறை நல்லது?

கட்டுரை முழுக்கச் சிவப்பாக்காதீர்கள். ஒரு கட்டுரைக்கு மூன்று வகைப் பிழை மட்டும் குறியீட்டால் காட்டுங்கள், மாணவர் திருத்தி மறுபடி எழுதட்டும், இரண்டாவது பிரதிக்கே மதிப்பெண் போடுங்கள். வீட்டில் கேட்டு மொழி கற்றவர்கள் வகுப்பில் இருந்தால் எழுத்துக்கு அவர்களைத் தனிக் குழுவாக்குங்கள். அவர்களுடைய பிழைகள் வேறு: ரஷ்ய மொழியில் அழுத்தமற்ற ‘ஓ’வை ‘அ’ என்று எழுதுவார்கள், போலிஷில் ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துள்ள இடங்களில் மாற்றிப் போடுவார்கள். சரளமாகப் பேசுவதால் எல்லாம் தெரியும் என்று விட்டுவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

எந்தத் தேர்வு எழுத வேண்டும்? அங்கே போய்ப் படிப்பதென்றால்?

ரஷ்ய அரசுத் தேர்வு ஆறு நிலை, ஒவ்வொன்றிலும் ஐந்து பகுதி: சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு. தேர்ச்சி எல்லை 66 விழுக்காடு. மொத்தத்தில் நல்ல மதிப்பெண் வாங்கி, கேட்டலில் மட்டும் விழுபவர்கள் பலர். குறைந்தபட்சச் சொல்லளவு தொடக்க நிலையான ஏ1-க்கு 780, அடுத்த நிலையான ஏ2-க்கு 1,300, அதற்கும் அடுத்த பி1-க்கு 2,300. போலிஷ் அரசுச் சான்றிதழ்த் தேர்விலும் ஐந்து பகுதி. அதில் இலக்கணத் துல்லியம் தனித் தாள்.

போலந்தில் இளங்கலை 3 ஆண்டு, முதுகலை 2. ரஷ்யாவில் 4, 2. மொழி தெரியாதவருக்கு ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் ஓராண்டு ஆயத்தப் படிப்பு உண்டு. இரு நாட்டிலும் மதிப்பெண் 2 முதல் 5 வரை, 2 என்றால் தோல்வி. போலந்தில் ‘பொலொனிஸ்திகா’ என்ற துறை தாய்மொழியாளருக்கானது, வகுப்புகள் போலிஷில் நடக்கும். அயல்மொழியாகப் போலிஷ் கற்பிக்கும் பிரிவு வேறு பெயரில் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். 2022-க்குப் பிறகு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ரஷ்ய மொழி மாணவரின் வெளிநாட்டுப் பருவத்தை கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ஆர்மீனியா போன்ற இடங்களுக்கு மாற்றியிருக்கின்றன.

எந்தக் கருவிகள் போதும்?

ரஷ்ய மொழியில் ஒரு சொல்லின் எல்லா வடிவத்துக்கும் அழுத்தம் எங்கே என்பதற்கு 1977-இல் வெளிவந்த ஸலிஸ்ன்யாக்கின் இலக்கண அகராதி. போலிஷுக்கு இணையத்திலுள்ள ‘பெரும் போலிஷ் அகராதி’, எல்லா விகுதியும் அட்டவணையாக இருக்கும். இரு மொழிக்கும் இலவசத் தேசியத் தரவகங்கள் (நூல்களிலிருந்தும் இதழ்களிலிருந்தும் திரட்டிய, சொல் தேடக்கூடிய வாக்கியத் தொகுப்புகள்) உண்டு. ஒரு வினை எந்த வேற்றுமையை ஏற்கும் என்ற சந்தேகம் வந்தால் தேடி இருபது எடுத்துக்காட்டுகளை வாசியுங்கள். ரஷ்ய நூல்களில் ‘யோ’ எழுத்தின் மேலுள்ள இரண்டு புள்ளியை அச்சில் பெரும்பாலும் போடுவதில்லை, அது ‘யெ’ போலவே தெரியும். அகராதியில் பார்த்துப் பென்சிலால் புள்ளியைப் போட்டுக்கொண்டே வாசியுங்கள். அந்த எழுத்து எங்கே வருகிறதோ, அழுத்தமும் அநேகமாக அங்கேதான்.